கன்று நட்ட பிள்ளைகளுக்கு டீச்சர் எழுதுவது



கொஞ்சம் நீளமான பதிவு இது. அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் படியுங்கள். மணி அடித்த பிறகும் பாடத்தை விடமாட்டேன் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியாததா என்ன!

போன வாரம் நம் பள்ளி முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. பள்ளிக்கூட வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை சாலையோரமாக நாற்பது கன்றுகள், வேம்பும் புங்கையும். கம்பிக்கூண்டு கட்டி, தண்ணீர் ஊற்ற முறை போட்டு, ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள். மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்த பயல்கள் மண்வெட்டியும் கையுமாக நிற்பதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "டீச்சர், நாலு வரி வாழ்த்து எழுதிக் குடுங்க, பேனர்ல போடணும்" என்று கேட்டிருந்தீர்கள்.

எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாவது படத்தை இன்னொரு தடவை பார்த்தபோது கை நின்றுவிட்டது. கன்றுக்குப் பின்னால், பிள்ளைகளை ஏற்ற வந்த வேன் ஒன்று என்ஜினை அணைக்காமல் கரும்புகை கக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்கும் பின்னால், பள்ளிச் சுவரோரம் குப்பை புகைந்துகொண்டிருக்கிறது. அந்த மூலை எனக்கு நன்றாகத் தெரியும். ஏன் தெரியும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் போன வருடம் நான் பார்த்த ஒரு சின்ன பைன் மரம் நினைவுக்கு வந்தது. முதலில் அந்த மரத்தின் கதை.

மகள் வீடு அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே மூன்று மாதம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை எங்களையெல்லாம் காரில் ஏற்றி சான் பெர்னார்டினோ மலைக்குக் கூட்டிப்போனார். நம் கொடைக்கானல் பாதை மாதிரியே வளைந்து வளைந்து ஏறுகிறது. 1,500 மீட்டருக்கு மேலே லேக் ஆரோஹெட் என்று ஓர் ஏரி, அதைச் சுற்றி ஊர், ஊரைச் சுற்றிப் பைன் காடு. ஊசியிலைக் காடு என்று புவியியலில் உங்களுக்கு மனப்பாடம் செய்யவைத்தேனே, அதை என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். பாண்டரோசா பைன், ஜெஃப்ரி பைன் என்று இரண்டு வகை அங்கே நிறைய. இரண்டுக்கும் ஊசிகள் மூன்று மூன்றாகக் கொத்தாக இருக்கின்றன.

பாதையோரம் என் உயரத்துக்கு ஒரு இளம் பைன் நின்றது. என் பேரனுக்கு ஒன்பது வயது. "இதுக்கு என்ன வயசு ஆச்சி?" என்று கேட்டான். இந்தப் பைன் மரங்கள் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு சுற்று கிளைதான் விடும். தண்டைச் சுற்றி ஒரே மட்டத்தில் நாலைந்து கிளைகள் குடைக்கம்பி மாதிரி விரிந்திருக்கும். அதற்கு மேல் வெறும் தண்டு, பிறகு அடுத்த வருடத்துச் சுற்று. சுற்றுகளை எண்ணினால் வயதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தூரம்தான் அந்த வருடத்து வளர்ச்சி. வீட்டுக் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்போமே, பைன் மரம் அதைத் தன் உடம்பிலேயே போட்டுக்கொள்கிறது.

நானும் பேரனும் எண்ணினோம். பதினாலு சுற்று. கைவிரித்துச் சாண் போட்டு அளந்தோம். ஒரு வருடம் ஒன்றரைச் சாண் வளர்ந்திருந்தது. இன்னொரு வருடம் நாலு விரற்கடைகூட இல்லை. "இந்த வருஷம் ஏன் வளரவே இல்ல ஆச்சி? சாப்பிடலையா?" என்று கேட்டான்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மழை பொய்த்த வருடமாக இருக்கலாம், மண் காரணமாக இருக்கலாம். ஒரே ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு இதுதான் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் அதே மலையில் இதே கேள்வியை அறுபது வருடத்துக்கு முன்பே வனத்துறை விஞ்ஞானிகள் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மகளின் உதவியோடு நாலைந்து நாள் உட்கார்ந்து படித்தேன். அவன் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த மலையில் இளம் பைன்கள் உண்மையிலேயே அரைவயிற்றுச் சாப்பாட்டில் வளர்ந்திருக்கின்றன.

1950களின் தொடக்கத்தில் அந்த மலையில் பைன் ஊசிகள் மஞ்சள் புள்ளி போட்டு உதிரத் தொடங்கின. என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாததால் 'எக்ஸ் நோய்' என்றே கூப்பிட்டார்கள். பூச்சியா, பூஞ்சையா, வறட்சியா என்று தேடினார்கள். 1960களின் தொடக்கத்தில் பால் மில்லர் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் நல்ல பைன் ஊசிகளை ஓசோன் கலந்த காற்றில் வைத்துப் பார்த்தார்கள். அதே மஞ்சள் புள்ளிகள் வந்தன. ஓசோனை வடிகட்டிய காற்றில் வளர்த்த செடிகளோடு வெளிக்காற்றில் வளர்த்தவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகளும் பிறகு நடந்தன. பிறகு மரத்தின் ஆண்டு வளையங்களையும் எடுத்தார்கள். 1910 முதல் 1940 வரை வளர்ந்த வளையங்களையும், 1941 முதல் 1971 வரை வளர்ந்த வளையங்களையும், மழைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டார்கள். புகை அதிகம் படிந்த பகுதியில் பிந்தைய காலத்து வளையங்கள் ஒல்லியாகிப்போயிருந்தன.

"ஓசோன் நல்லதுன்னுதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. ஆமாம், அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பூமிக்கு ஓசோன் ஒரு குடை என்று கரும்பலகையில் குடையே வரைந்து காட்டியிருக்கிறேன். அது வெகு உயரத்தில் இருக்கும் ஓசோன். அங்கே அது நமக்குக் காவல். அதே ஓசோன் நாம் மூச்சு விடும் மட்டத்துக்கு வந்தால் விஷம். அடுப்பில் இருக்கவேண்டிய நெருப்பு கூரையில் இருந்தால் என்ன ஆகும்? பாதிப் பாடத்தை மட்டும் நடத்திவிட்டேன். மீதியை இப்போது நடத்துகிறேன்.

இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. இலைத்துளை என்று படித்திருப்பீர்கள். கரியமில வாயு உள்ளே போவதற்காக மரம் அந்த வாசலைத் திறந்துவைக்கிறது. ஓசோனும் அதே வாசல் வழியாக நுழைகிறது. உள்ளே போய் செல்களின் சவ்வை அரிக்கிறது, பச்சையத்தைக் கெடுக்கிறது. பச்சையம் குறைந்தால் ஒளிச்சேர்க்கை குறையும். ஒளிச்சேர்க்கை குறைந்தால் சர்க்கரை குறையும். சமைக்கிற சாப்பாடே குறைகிறது, அதிலும் ஒரு பங்கு புண்ணை ஆற்றச் செலவாகிவிடுகிறது. மிச்சம்தான் வளர்ச்சிக்கு.

நம் புங்கையும் பூவரசும் பழுத்த இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை விடும். பைன் அப்படி இல்லை. ஒரே ஊசியைப் பல வருடம் வைத்துக்கொண்டு அதை நம்பித்தான் பிழைக்கிறது. அதனால் அந்த ஊசி ஒவ்வொரு கோடைக்கும் விஷத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறது. சுத்தமான காற்றில் நாலைந்து வருடத்து ஊசிகளோடு நிற்கவேண்டிய பாண்டரோசா பைன், மோசமான இடங்களில் ஓரிரு வருடத்து ஊசிகளோடு நின்றது. கிளை முனையில் மட்டும் ஒரு கொத்து, மற்றதெல்லாம் மொட்டை.

சாப்பாடு குறைந்த மரம் முதலில் கைவைப்பது வேரின் பங்கில். மேலே பச்சையாகத் தெரியும், கீழே வேர் சுருங்கியிருக்கும். போதாததற்குப் புகையிலிருந்து நைட்ரஜன் வேறு உரம் மாதிரி மண்ணில் வந்து விழுகிறது. வேர் கஷ்டப்பட்டுத் தேட வேண்டிய சத்து தானாக வந்து விழுந்தால் வேர் எதற்கு நீளும்? வறட்சி வரும்போதுதான் குட்டு உடைகிறது. ஆழத்துத் தண்ணீரை எட்ட வேர் இல்லை. நலமான பைன், பட்டையைத் துளைக்கும் வண்டைப் பிசினால் மூழ்கடித்து வெளியே தள்ளும். சோர்ந்த மரத்துக்கு அதற்கும் தெம்பு இல்லை. கடைசியில் மரம் செத்தால் 'வண்டு அரித்துச் செத்தது' என்று எழுதுவார்கள்.

பெரிய மரத்துக்காவது பல வருடத்துச் சேமிப்பு தண்டிலும் வேரிலும் இருக்கும். கன்றுக்கு அது கிடையாது. அன்றாடம் காய்ச்சும் வீடு மாதிரி, அன்று சமைத்ததை அன்றே சாப்பிட்டு வளரவேண்டும். ஒரு கோடையில் ஊசி போனால், அடுத்த வருடம் மேலே போகவேண்டிய தண்டு நாலு விரற்கடையில் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் வேறு ஜாதி மரம் அந்த நேரம் அதை முந்தி வெயிலைப் பிடித்துக்கொள்ளும். அந்த மலையில் ஓசோனைத் தாங்கக்கூடிய வெள்ளை ஃபிர் போன்ற மரங்கள் பெருகின, பைன் பின்தங்கியது. காட்டுத்தீயை அணைத்துக்கொண்டே வந்ததும் அதற்கு ஒரு காரணம், காற்று இன்னொரு காரணம்.

சரி, இந்த ஓசோன் எங்கிருந்து வந்தது? அந்த மலையில் ஒரு ஆலைகூடக் கிடையாது. கீழே, நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிற லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்திலிருந்து வந்தது.

1943 ஜூலையில் அந்த நகரத்தில் ஒரு நாள் பழுப்புப் புகைமூட்டம் கவிந்தது. கண் எரிந்து ஜனங்கள் தவித்தார்கள். இரண்டாம் உலகப்போர் நேரம், ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றே சிலர் பயந்தார்கள். பிறகு ஒரு ரப்பர் ஆலையின் மேல் பழி போட்டு நிறுத்திவைத்தார்கள். அப்புறமும் புகை போகவில்லை. அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன் ஸ்மிட் என்ற வேதியியலாளர்தான் 1950ஐ ஒட்டிய வருடங்களில் விடையைக் கண்டுபிடித்தார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் வாயுக்கள் வெயில் பட்டால் ஓசோனாகின்றன. குழாயிலிருந்து ஓசோன் நேரடியாக வருவதில்லை, போகிற வழியில் வெயிலில் விளைகிறது. மத்தியானக் கடற்காற்று அதை மலைமேல் தள்ளிக்கொண்டுபோய்விடுகிறது.

ஜப்பான்காரனும் இல்லை, ரப்பர் ஆலை மட்டுமும் இல்லை, நம் வீட்டு வாசலில் நிற்கும் காரும்தான் காரணம் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் ஒவ்வொன்றாகச் செய்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு கொல்லையில் குப்பை எரிக்கும் அடுப்பு வைத்திருந்தார்கள். 1957ல் அதைத் தடை செய்தார்கள். 1966ல் வண்டிப் புகைக்குக் கலிபோர்னியா வரம்பு விதித்தது, அமெரிக்காவில் அதுதான் முதல். மாநிலக் காற்று வாரியம் வந்தபோது அதே ஹாகன் ஸ்மிட்தான் முதல் தலைவர். 1975 முதல் புதுக் கார்களில் புகையை வடிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. கார்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனபோதும் ஓசோன் இறங்கியது. பல இடங்களில் பைன் ஊசிகளும் தேறின. முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஓசோன் மோசமான பகுதிகளில் அது இன்றும் ஒன்றுதான்.

இதுவரை மரம். இனி பிள்ளைகள்.

அதே தென் கலிபோர்னியாவில், 1990களில் ஒரு பல்கலைக்கழகத்தார் 12 ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளை வருடா வருடம் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். அந்த 12 ஊரில் லேக் ஆரோஹெட்டும் ஒன்று. நுரையீரல் எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறது என்று அளந்தார்கள். 10 வயதிலிருந்து 18 வயது வரை பின்தொடர்ந்தார்கள். 18 வயதில், நுண்துகள் மிக அதிகமான ஊரில் நுரையீரல் திறன் மிகக் குறைவாக இருந்த பிள்ளைகள் 100க்கு சுமார் 8 பேர். மிகச் சுத்தமான ஊரில் 2 பேருக்கும் குறைவு. முடிவு 2004ல் வெளிவந்தது. மரத்தை வாட்டியது ஓசோன். பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சியை முக்கியமாக வாட்டியது நைட்ரஜன் டை ஆக்ஸைடும் நுண்துகளும். விஷம் வேறு வேறு, ஆனால் பெருமளவு வந்த இடம் ஒன்றே, வண்டியின் புகைக்குழாய்.

2015ல் அவர்களே இன்னொரு முடிவு வெளியிட்டார்கள். காற்று மெல்ல மெல்லச் சுத்தமான மூன்று காலகட்டத்துப் பிள்ளைகளை 15 வயதில் ஒப்பிட்டார்கள். நுரையீரல் திறன் மிகக் குறைந்தவர்கள் 7.9 சதவீதத்திலிருந்து 6.3 ஆகி, பிறகு 3.6 ஆகக் குறைந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் டானிக் கொடுக்கவில்லை. காற்று மாறியது, அவ்வளவுதான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். படத்தில் குப்பை புகைகிற அந்தச் சுவரோரம் இருக்கிறதே, அந்த வழக்கத்தைத் தொடங்கியது நான்தான். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் வளாகம் சுத்தம் செய்யும் நேரம். சருகு, கிழிந்த தாள், பால் கவர், தீர்ந்த பேனா எல்லாவற்றையும் கூட்டி அந்த மூலையில் குவித்து நானே தீக்குச்சி உரசிப் போடுவேன். பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். சுத்தம் சோறு போடும் என்று அங்கேயே நின்று பேசவும் செய்திருக்கிறேன்.

அந்த வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் சொல்லமாட்டேன். புகை வந்தால் இருமுவான். "புகைக்கே பயந்தா எப்படிடா? தள்ளி நில்லு" என்பேன். தள்ளி நிற்கவும் இடம் கிடையாது. திங்கட்கிழமை பாதி நாள் வரமாட்டான். அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் பிள்ளையை ஒழுங்காக அனுப்பும்படி கண்டித்தேன். "ராத்திரியெல்லாம் இழுக்கு டீச்சர்" என்று அந்தம்மா சொன்னதைச் சாக்குப்போக்கு என்று நினைத்தேன். அவன் இளைப்புக்கு என் நெருப்புதான் காரணம் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் இழுக்கிற பிள்ளையைக் கொண்டுபோய்ப் புகையில் நிறுத்தியது நான். கன்று நட்ட படத்தில் அவனும் நிற்கிறான். அய்யா, டீச்சரை மன்னித்துவிடு.

"மரம் புகையை இழுத்துக்கும்ல டீச்சர், அதுக்குத்தானே நடுறோம்?" என்பீர்கள். இலைமேல் கொஞ்சம் தூசி படியும், கொஞ்சம் வாயுவை உறிஞ்சும், நிழல் தரும். அதெல்லாம் உண்மை. ஆனால் உறிஞ்சுகிற விஷத்தை அந்த மரம் தன் உடம்பில்தான் வாங்குகிறது. வேம்பு பைன் அல்ல, ஊசியிலைக்கு நடந்தது அப்படியே இதற்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. புகையை நாம் விட்டுக்கொண்டே இருந்து, அதைக் குடிக்கும் வேலையை ஒரு முழக் கன்றிடம் கொடுப்பது நியாயமா என்றுதான் கேட்கிறேன். கன்றால் எழுந்து வேறு இடம் போக முடியாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாலும் முடியாது.

"நாம சின்ன ஊரு, நம்ம ஒரு வேன் நின்னா என்ன ஆகிடும்?" என்பது அடுத்த கேள்வி. லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்களும் அப்படித்தான் ஆளுக்கு ஒரு கார் என்று நினைத்தார்கள். ஒரு வீட்டு வாசலில் ஒரு கார், ஒரு கொல்லையில் ஒரு குப்பை அடுப்பு, எல்லாம் சேர்ந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பைன் ஊசியை உதிர்த்தது. அதுவுமில்லாமல் நம் பள்ளி வாசலில் புகைக்கும் பிள்ளை மூக்குக்கும் நூறு கிலோமீட்டர் தூரம் இல்லை, நாலு அடிதான்.

ஆகவே நீங்கள் கேட்ட வாழ்த்துக்குப் பதிலாக மூன்று வேண்டுகோள்.

முதலாவது, பள்ளி வாசலில் நிற்கும் வண்டி எதுவானாலும் என்ஜினை அணைக்க வேண்டும். வேன் ஓட்டும் தம்பிகளில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள், அவர்களிடம் நானே பேசுகிறேன். நம் ஆட்களும் பிள்ளைகளைக் கூப்பிடப் போகும்போது பைக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள்.

இரண்டாவது, அந்தச் சுவரோரம் இனி நெருப்பு வேண்டாம். சருகுக்கு ஒரு குழி வெட்டுவோம். உங்கள் கன்றுகளுக்கே எருவாகும். பிளாஸ்டிக்கைத் தனியாகக் கட்டி ஊராட்சி வண்டியில் கொடுப்போம். தலைமையாசிரியரிடம் பேச நான் வருகிறேன். வழக்கத்தைத் தொடங்கியவளே நிறுத்தச் சொன்னால் மறுக்கமாட்டார்கள். குழி வெட்டுகிற அன்று மண்வெட்டியோடு வாருங்கள்.

மூன்றாவது, நாற்பது கன்றுக்கும் எண் போட்டு ஒரு நோட்டில் வருடாவருடம் ஜூன் மாதம் உயரத்தைக் குறியுங்கள். நம் மரங்கள் பைன் மாதிரி தாமாகக் கணக்கு எழுதாது, நாம்தான் எழுத வேண்டும். தண்ணீர் குறைந்ததா, ஆடு கடித்ததா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். படிக்கிற பிள்ளைகளையே அளக்கச் சொன்னால் அவர்களுக்கும் ஒரு பாடம்.

பேனர் மட்டும் வேண்டாம் கண்ணுகளா. அந்த ஃபிளெக்ஸும் அடுத்த மாதம் அதே மூலையில்தான் எரியும்.

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நான் பள்ளி வாசலில் இருப்பேன். முடிந்தவர்கள் வாருங்கள். அந்தப் பையனும் வந்தால், அவன் நட்ட கன்று எது என்று எனக்குக் காட்டட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்